மின்கம்பியும் அனுமதிச் சீட்டும்

பொட்டிபுரம் என்னுஞ் சிற்றூரின் பெயரை முன்னாளில் தேனி வட்டாரத்திற்கு அப்பால் அறிந்தார் மிகச் சிலரே. போடிநாயக்கனூரை அடுத்த மேற்கு மலையைக் குடைந்து, தலைக்கு மேல் ஏறக்குறைய 1,000 மீட்டர் பாறை கவிந்திருக்கும் குகையொன்றில், 50,000 டன் காந்த இரும்பைக் கொண்டு நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய வகுத்த திட்டத்திற்கு 2015ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. அதன் பின்னரே அவ்வூர்ப் பெயர் பத்திரிகைகளில் நாள்தோறும் அடிபடலாயிற்று. வழக்குகளும் எதிர்ப்பும் சூழ்ந்தமையால் அத்திட்டம் மலையைத் தொடாமலே நின்றதை யாவரும் அறிவர். காடும் ஊற்றும் பாறையும் என்னாகுமோ என்று வினவிய ஊராரின் கவலையை எள்ளுதல் அறிவுடையார் செயலன்று. ஆயினும் அந்நாட்களில் எழுந்த அச்சங்களுள் ஒன்று மாத்திரம் காரணமற்றது. நியூட்ரினோ உடலை ஊடுருவிக் கேடு செய்யும் என்பதே அது. சூரியனிடமிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு 6,000 கோடிக்கு மேலாக ஊடுருவிச் செல்கின்றன. ஆதி மனிதன் காலந்தொட்டு அவற்றால் ஒருவரும் மாண்டதில்லை.

உடலை ஊடுருவி உயிரைக் கொள்வது வேறொன்று உண்டு. அது அதே ஊரின் தெருக்களிலும் தோட்டங்களிலும் தலைக்கு மேலே கம்பியாகத் தொங்குகின்றது. அதனைக் குறித்து நாம் அஞ்சுவதுமில்லை, ஆராய்வதுமில்லை. மின்சாரத்தைப் பழுது பார்ப்போர் கையாள வேண்டிய அனுமதிச் சீட்டையும் காப்பு முறைகளையும் பற்றி ஒரு கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அம்முறைகள் மீறப்படுவதற்குக் கம்பத்தில் ஏறுவோரினும், கீழே நின்று அவசரப்படுத்தும் நாமே பெரிதும் காரணராகின்றோம் என்பது எமது கருத்தாதலின், இதனை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் மின்சாரத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பழைய 60 வாட் பல்பு ஒன்று எரிவதற்குக் கால் ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதிற் பத்தில் ஒரு பங்கு கை வழியே பாய்ந்தாலும் தசைகள் இறுகிப் பற்றிய கம்பியை விட இயலாமற் போகும். ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சின் வழியே ஒரு சில நொடி பாயுமாயின் இருதயம் ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடவுங் கூடும். வீட்டிலுள்ள 230 வோல்ட்டே ஈரக்கையனை மாய்க்கப் போதுமென்றால், தெருவின் மேலே செல்லும் 11,000 வோல்ட்டையும் 22,000 வோல்ட்டையும் பற்றிக் கூறவேண்டுவதில்லை. அன்றியும் இவ்வபாயத்திற்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. காய்ச்சிய இரும்பு சிவந்து நின்று எச்சரிக்கும். பாம்பு சீறி எச்சரிக்கும். மின்னோட்டமுள்ள கம்பியும் அஃதில்லாத கம்பியும் கண்ணுக்கு ஒன்றே. கண்ணாற் காண இயலாததனை முறையாற் காணவேண்டும். அந்த முறைக்கே அனுமதிச் சீட்டு என்று பெயர்.

நமது நாட்டில் லைன்மேன்கள் இதனை 'லைன் கிளியர்' என்றும், சுருக்கமாக 'எல்.சி.' என்றும் வழங்குவர். எல்.சி. வாங்கிவிட்டாயா என்பது அவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதற் கேள்வி. அதன் ஒழுங்கு இது. வேலை செய்யவேண்டிய கம்பிக்கு எவ்வெவ்வழியாக மின்சாரம் வரக்கூடுமோ அவ்வழிகளையெல்லாம் துணை மின்நிலையத்தில் துண்டிக்கவேண்டும். துண்டித்த இடம் கண்ணுக்குப் புலனாகுமாறு இடைவெளி விட்டிருக்கவேண்டும். அந்தச் சுவிட்சைப் பூட்டி, ஆட்கள் வேலை செய்கின்றனர் என்னும் பலகையை அதில் தொங்கவிடவேண்டும். பின்னர்க் கம்பியில் மின்னோட்டம் இல்லையென்பதைக் கருவியாற் சோதித்தறியவேண்டும். அதன்பின் எர்த் ராடு எனப்படும் கோலைக் கொண்டு, வேலைசெய்யும் இடத்திற்கு இருபுறமும் கம்பிகளை நிலத்தோடு இணைக்கவேண்டும். இவையனைத்தும் எழுதப்பட்ட சீட்டைக் கொடுப்பவர் கையொப்பமிட்டுக் கொடுக்க, வாங்குபவர் கையொப்பமிட்டு வாங்கவேண்டும். வேலை முடிந்தபின் ஆட்களும் கருவிகளும் எர்த் ராடுகளும் அகற்றப்பட்டன என்று, வாங்கியவரே அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவர் திருப்பிக் கொடுத்தாலன்றி, எவ்வளவு பெரிய அதிகாரி கட்டளையிட்டாலும் அந்தச் சுவிட்சு மூடப்படலாகாது.

இச்சீட்டைப் பலர் அலுவலகக் காகிதம் என்றெண்ணுகின்றனர். எமக்கோ இஃது இருவர் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகவே தோன்றுகின்றது. "நின் உயிரை என் பூட்டில் வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் உரைக்க, "நீ திறவாய் என்று நம்பிக் கம்பியில் கை வைக்கிறேன்" என்று மற்றவர் உரைப்பதே அதன் பொருள். வேறெந்தத் தொழிலிலும் ஒரு கையொப்பத்திற்கு இத்துணைக் கனம் உண்டோ என்பது ஐயமே.

சட்டமும் இதனையே கூறுகின்றது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், அதற்கென அதிகாரம் பெற்றவரன்றி எவரும் மின்னோட்டமுள்ள கம்பியிலோ கருவியிலோ வேலை செய்யலாகாது என்றதோடு நில்லாமல், அவருக்குத் துணை நிற்றலும் ஆகாது என்று விதித்தன. 2010இலும் 2023இலும் மத்திய மின்சார ஆணையம் வகுத்த ஒழுங்குமுறைகள் அவ்விதியின் வழிவந்தவையே. எனவே விதியில்லாமையால் நாம் கெட்டோம் என்று சொல்வதற்கில்லை.

நிற்க. கம்பியின் ஒரு முனையில் மின்சாரத்தை நிறுத்தினாற் போதாதோ, எர்த் ராடு எதற்கு என்று இயற்பியல் பயிலும் மாணவரே வினவுவதுண்டு. இதற்கு 1889ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று விடை கூறும். அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள், நியூயார்க் நகரில் ஜான் ஃபீக்ஸ் என்னும் தந்திக்கம்பித் தொழிலாளர், குறைந்த மின்னழுத்தமே உடையவை என்று நம்பிய கம்பிகளிடையே வேலை செய்துகொண்டிருந்தார். வேறோரிடத்தில் உயரழுத்தக் கம்பியொன்று அவற்றோடு உராய்ந்து கொண்டிருந்ததை அவர் அறியார். நண்பகலில், தெருவில் திரண்ட கூட்டத்தின் கண்ணெதிரே, கம்பிகளிடையே சிக்கியபடியே அவர் மாண்டார். இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1891இல், செயின்ட் லூயிஸ் நகரில் மின்தொழிலாளர் சங்கமொன்று தோன்றிற்று. தொழிலில் நேர்ந்த மரணங்கள் அதன் தோற்றத்திற்கு ஒரு பெருங்காரணம். அச்சங்கத்தின் முதல் தலைவராகிய ஹென்றி மில்லரே 1896இல் வேலையிடத்தில் மின்னதிர்ச்சியுற்று வீழ்ந்து இறந்தார். கம்பி எங்கே தொடங்குகின்றது என்பதை மட்டுமன்றி, இடையில் எதனைத் தொடுகின்றது என்பதையும் அறியவேண்டும் என்பதே இம்மரணங்கள் தந்த பாடம்.

நமது ஏலமலைச் சரிவுகளில் இப்பாடம் இன்னும் பொருத்தமுடையது. மழையும் மூடுபனியும் மிகுந்த அம்மலைகளில் மரக்கிளை முறிந்து கம்பியின்மேல் வீழ்தல் இயல்பான நிகழ்ச்சி. மின்சாரம் நின்றவுடன் தோட்ட வீடுகளிலும் ஏலக்காய் உலர்த்தும் கூடங்களிலும் ஜெனரேட்டர்கள் முழங்கத் தொடங்கும். அந்த ஜெனரேட்டருக்கும் வெளிக்கம்பிக்கும் இடையே உரிய மாற்றுச் சுவிட்சு இல்லையாயின், அதன் மின்சாரம் தெருக்கம்பியை அடைந்து, டிரான்ஸ்பார்மரின் வழியே தலைகீழாக ஏறி, 230 வோல்ட்டாகப் புறப்பட்டது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறி, பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் கம்பம் ஏறியிருப்பவரைச் சென்று தாக்கும். துணை மின்நிலையத்தில் பூட்டிய பூட்டு பூட்டியபடியே இருக்கும். சீட்டும் செம்மையாகவே எழுதப்பட்டிருக்கும். அந்நிலையில் அவரைக் காப்பது அருகில் மாட்டிய எர்த் ராடு ஒன்றே. தொலைவில் மின்னும் மின்னலுக்கும், பக்கத்திற் செல்லும் மற்றொரு கம்பியின் தூண்டலுக்கும் அதுவே காப்பு.

சமவெளியிலும் நிலைமை வேறன்று. 1990 முதல் வேளாண்மைக்கு விலையில்லா மின்சாரம் வழங்கப்படும் இம்மாநிலத்தில், மோட்டார் ஓடாத கிணறு அரிது. மோட்டார் நின்றாற் பயிர் வாடும். பயிர் வாடினால் மனம் பதறும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிற்று என்றறிந்தவுடன், அலுவலகத்திற்குச் செய்தி அனுப்பிக் காத்திருப்பதை விடுத்து, கம்பத்திலுள்ள ஏ.பி. சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டுத் தாமே ஏறுவாரும், வயரிங் தெரிந்த இளைஞனை ஏற்றிவிடுவாரும் நம் கிராமங்களில் உளர். ஏ.பி. சுவிட்சில் மூன்று அலகுகள் உண்டு. கைப்பிடியை இழுத்தபோது இரண்டு திறந்து, துருவேறிய மூன்றாவது ஒட்டிக்கொண்டே நிற்பதுண்டு. கீழிருந்து பார்ப்பவனுக்குக் கைப்பிடி இறங்கியிருப்பதே தெரியும். கைப்பிடி கூறும் சாட்சியை நம்பலாகாது. அலகு கூறும் சாட்சியையும், சோதிக்குங் கருவி கூறும் சாட்சியையுமே நம்பவேண்டும்.

இனி, எதிர்த்துரைப்பார் கூற்றையும் கேட்போம். அவர் கூறுவன மூன்று.

ஒன்று: "கைதேர்ந்தவனுக்குச் சீட்டு எதற்கு? முப்பதாண்டு கம்பம் ஏறியவன் கம்பியைக் கண்டே அறிவான்." பழகிய கை திறமையுடையதே, ஆனால் பழக்கம் அச்சத்தை அகற்றுமேயன்றி மின்னழுத்தத்தை அகற்றாது. முப்பதாண்டு தவறாதவனுக்கும் ஒரே தவறே போதும். அதனையும் பெரும்பாலும் அவன் செய்வதில்லை, வேறொருவன் செய்கின்றான்.

இரண்டு: "உலகெங்கும் மின்னோட்டமுள்ள கம்பியிலேயே வேலை செய்கின்றார்களே, நாம் மட்டும் அஞ்சுவானேன்?" உண்மையே. பெருநகரங்களுக்குச் செல்லும் பெருங்கம்பிகளை நிறுத்தவியலாதவிடத்து, மின்னோட்டம் இருக்கும்போதே பழுது பார்க்கும் கலை உண்டு. அதனைக் கற்பிப்பதற்கென்றே பெங்களூரில் மத்திய அரசின் பயிற்சி நிலையம் ஒன்று உளது. ஆனால் அவ்வேலை செய்வோர் மின்கடத்தும் ஆடையுடுத்து, மின்காப்புடைய ஏணியில் நின்று, ஒவ்வொரு அசைவையும் முன்னரே ஒத்திகை பார்த்துச் செய்கின்றனர். மழையும் இடியும் உள்ளபோது அதனைத் தொடங்குவதுமில்லை. அவர்களுக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. அது நமது சீட்டினும் கடுமையானது. அவர்களை உவமை காட்டி, நனைந்த மரக்கம்பும் ரப்பர்ச் செருப்புமாக ஒருவனை ஏற்றிவிடுதல், சத்திர வைத்தியரை உவமை காட்டிக் கறிக்கத்தியால் வயிற்றைக் கிழிப்பதை ஒக்கும்.

மூன்று: "சீட்டு வாங்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடும், ஊரார் பொறுக்கமாட்டார்கள்." இதுவே உண்மையான தடை. துணை மின்நிலையம் தொலைவில் இருக்கும். ஆட்கள் குறைவாய் இருப்பர். தொலைபேசியோ ஓயாது ஒலிக்கும். அப்பொழுது எழுகின்ற குறுக்கு வழிகள் இரண்டு. "சரியாக இரண்டு மணிக்குப் போட்டுவிடு, அதற்குள் முடித்துவிடுவேன்" என்று காலங்குறித்து ஒப்புக்கொள்வது ஒன்று. கடிகாரம் இரண்டு காட்டும்போது கம்பத்தின்மேல் இருப்பவனுக்கு இன்னும் ஒரு முடிச்சு மிஞ்சியிருக்கும். மற்றது, ஒருவர் பெயரிற் சீட்டு வாங்கி, வேறொருவரைக் கம்பத்தில் ஏற்றுவது. சீட்டு வாங்கும் அதிகாரம் நிலையான ஊழியர்க்கே உண்டு. ஏறுபவரோ பலவிடங்களில் ஒப்பந்தக் கூலியாளாகவோ, குழி தோண்டவும் கம்பம் நடவும் நியமிக்கப்பட்டவராகவோ இருக்கின்றார். எவர் கை கம்பியில் இருக்கின்றதோ அவருக்குச் சீட்டில் என்ன எழுதியிருக்கின்றதென்று தெரியாது. இந்நிலையில் விபத்து நேருமாயின், சீட்டு உயிரைக் காவாமல், ஏட்டைக் காப்பதற்கே பயன்படும். காப்பு முறைகளுட் சீர்திருத்தம் வேண்டுவது யாது என்று எம்மைக் கேட்பின், சீட்டிலுள்ள பெயரும் கம்பியிலுள்ள கையும் ஒருவருடையனவாதல் வேண்டும் என்பதையே முதலிற் கூறுவோம். அவ்வாறு ஏறுபவர் யாவராயினும் அவருக்குப் பயிற்சியும் கையுறையும் இடுப்புக் கயிறும், ஏற மறுக்கும் உரிமையும் அளிக்கப்படவேண்டும்.

சீட்டுக்குரியவர் இருவரும் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாவிடின் விளைவது யாது? 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் காப்பு வால்வு பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. அதற்குரிய சீட்டு எழுதப்பட்டேயிருந்தது. ஆயினும் இரவு முறைக்கு வந்தவர்கள் அப்பம்பைப் பற்றிய வேறொரு சீட்டையே கண்டனர். வால்வைப் பற்றிய சீட்டைக் கண்டிலர். பம்பை ஓடவிட்டனர். கசிந்த வாயு தீப்பற்றி அன்றிரவு 167 பேர் மாண்டனர். செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நாட்டில், சீட்டு இருந்தும், அது உரியவர் கண்ணிற் படாமையால் நேர்ந்த கேடு இது. சீட்டு எழுதுதல் பாதி வேலை. அதனை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அறிவோடு மாற்றுதலே மறுபாதி.

நமது மலைகளும் இதனை வேறு வகையிற் கற்பித்திருக்கின்றன. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் போடிக்கு மேலுள்ள குரங்கணிக் காட்டில் மூண்ட தீயிற் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்திற்கு அனுமதி பெறுவது குறித்து அவ்வாண்டிலேயே தனி விதிகள் இம்மாநிலத்தில் வகுக்கப்பட்டன. காட்டுக்குட் செல்வதற்குச் சீட்டு எதற்கென்று நகைப்பவர், உள்ளே சென்றவர் எத்தனை பேர், எவ்வழி சென்றனர், எப்போது திரும்புவர் என்பதைத் தீ மூண்ட வேளையில் யாரிடம் கேட்பது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். காட்டுச் சீட்டும் கம்பிச் சீட்டும் ஒரே கேள்விக்கு விடையளிக்கின்றன: உள்ளே இருப்பவர் யார், அவர் வெளியே வந்துவிட்டாரா?

ஊரார் செய்யவேண்டுவதற்கு மற்றொரு சான்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் விடியுமுன், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உராய்ந்து சிறுவர் உட்பட 11 பேர் மாண்டனர். தேர் செல்லும் வேளையில் அவ்வழிக் கம்பியில் மின்சாரம் நின்றிருக்குமாயின் அந்த இல்லங்களில் அழுகுரல் எழுந்திராது. கோயிற்றேராயினும், மாதா சப்பரமாயினும், சந்தனக்கூடாயினும் கம்பிக்கு வேற்றுமை தெரியாது. திருவிழாவுக்குப் பந்தற்காரரையும் மேளக்காரரையும் முன்கூட்டியே அமர்த்தும் நாம், தேர் செல்லும் நாழிகைக்கு மின்சாரத்தை நிறுத்துமாறு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதில் என்ன கடினம்?

ஆதலின் எமது விண்ணப்பம் மூன்று வகையினர்க்கு உரியது. தோட்டங்களும் ஏலக்காய்க் கூடங்களும் உடைய பழைய மாணவர்கள், தங்கள் ஜெனரேட்டருக்கு மாற்றுச் சுவிட்சு உண்டா என்பதை இவ்வாண்டு ஏலக்காய்ப் பறிப்புத் தொடங்குமுன் சோதித்துவிடவேண்டும். அதன் செலவு ஒரு நாட் கூலிச் செலவினும் சிறிது மிகுமேயன்றி, ஓர் உயிரின் விலையாகாது. பஞ்சாயத்திலும் சங்கங்களிலும் பொறுப்பேற்றிருப்போர், மின்சாரம் நின்ற அரைநாழிகைக்குள் லைன்மேனை வைது பேசுவதை விடுத்து, "எல்.சி. கிடைத்ததா?" என்று கேட்கும் வழக்கத்தை ஊரில் உண்டாக்கவேண்டும். அக்கேள்வி ஒன்றே அவருக்குக் காப்பு. ஊர் பொறுக்கும் என்றறிந்தாலன்றி அவர் பொறுத்திருக்க மாட்டார். மூன்றாவதாக, நமது கல்லூரியே ஒரு முன்மாதிரியாக விளங்கவேண்டும். ஆய்வுக்கூடத்திலும் விடுதியிலும் பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும், மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு, வேலை செய்பவரிடம் அதன் ஒரே சாவி, சுவரில் ஒரு பலகை, மேசையில் ஒரு பதிவேடு என்னும் நான்கும் இருத்தல் வேண்டும். மின்விசிறி ஒரு மணி நேரம் நின்றதற்காகக் காவலரை அழைத்துச் சுவிட்சைப் போடச் சொல்லும் மாணவன், நாளை பொறியாளனாகும்போதும் அதனையே செய்வான். இங்கே பொறுக்கக் கற்றவன் அங்கும் பொறுப்பான்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி மாண்டோர் தொகை 2019ஆம் ஆண்டில் ஏறக்குறைய 13,000 என்று அரசாங்கக் கணக்கே கூறுகின்றது. அவருட் பெரும்பாலோர் எவரோ ஒருவர் ஒரு நாழிகை பொறுத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர் என்பதே எமது துணிபு. மலைக்கு அப்புறம் பள்ளிவாசலில் 1940இலும், இப்புறம் கம்பம் பள்ளத்தாக்கின் தலைவாயிலிலுள்ள லோயர் கேம்ப்பில் 1958இலும், அருவியை விளக்காக மாற்றும் யந்திரங்கள் சுழலத் தொடங்கின. அன்று முதல் இவ்வட்டாரத்தின் இருளை அகற்றி வருவோர், புயலிலும் மழையிலும் கம்பம் ஏறும் எளிய மக்களே. தம்பி எங்கே என்று வினவப்பட்டபோது காயீன் உரைத்த விடையை, அவர்களைப் பற்றி வினவப்படும்போது நாம் உரைத்தலாகாது. அவர்கள் வெளிச்சம் தருகின்றனர். நாம் அவர்களுக்குச் சிறிது நேரம் தருவோம்.